லினக்ஸ் வெளியீடுகளில் நிலைத்த தன்மையும் புதுப்பித்தலும்

கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள் அடிக்கடி மாறினால் அலுவலகப் பணி தடைப்படும். மாறாமலே இருந்தால் பாதுகாப்புக் குன்றும். பெங்களூரிலுள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கும் தாலுகா அலுவலகங்களுக்கும் பொதுவான சிக்கல் இது.

சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007ஆம் ஆண்டு வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளம், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. எனவே டெபியன் கையாளும் முறை நம் அலுவலர்கள் அறியத்தக்கது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது நிலைத்த வெளியீடு ஒன்றை அளிக்கிறது. 2023 ஜூன் மாதம் வெளிவந்த 12ஆம் வெளியீட்டில் 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுதிகள் இருந்தன. ஒன்றை மாற்றினால் அதனைச் சார்ந்த பல பழுதுபடக்கூடும். ஆகையால், வெளியீட்டுக்குப் பின் புதிய வசதிகள் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. குறைகள் மட்டுமே களையப்படுகின்றன.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2014 ஏப்ரலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையீட்டு மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற கடுமையான குறை வெளிப்பட்டது. அதனை உருவாக்கியோர் 1.0.1ஜி என்ற புதிய பதிப்பில் குறையை நீக்கினர். டெபியனோ திருத்தத்தை மட்டும் எடுத்து, தன்னிடமிருந்த 1.0.1இ பதிப்பில் பொருத்தியது. எனவே, பதிப்பு எண் பழையது என்பதைக் கொண்டே ஒரு கணிப்பொறி பாதுகாப்பற்றது எனத் தணிக்கையில் முடிவு செய்தல் பொருந்தாது.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. ஃபயர்பாக்ஸ் போன்ற இணைய உலாவிகளின் பழைய பதிப்பில் திருத்தங்களைத் தொடர்ந்து பொருத்துவது மிகக் கடினம். ஆகவே 12ஆம் வெளியீட்டில் லிப்ரெஆபீஸ் 7.4 பதிப்பிலேயே நிலைத்திருக்க, ஃபயர்பாக்ஸ் 102இலிருந்து 115க்கும் பின்னர் 128க்கும் உயர்த்தப்பட்டது. உலாவி வெளியுலகை நேரடியாகச் சந்திப்பதால், மாற்றத்தினால் வரும் இடையூற்றைவிட மாற்றாமையின் தீங்கே பெரிது எனக் கொள்ளப்பட்டது.

பொருளியல் நோக்கில், மாற்றத்திற்குச் சோதனை, பயிற்சி ஆகிய செலவுகள் உண்டு. ஒத்திப்போடுவதற்கும் செலவு உண்டு. அது செலுத்தப்படாத வட்டி போல் வளர்கிறது. டெபியன் வெளியீடு ஒன்றுக்கு முதல் மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அடுத்த இரண்டு ஆண்டுகள் நீடித்த ஆதரவும் கிடைக்கின்றன. இந்த ஐந்தாண்டுக் காலத்தை வரவு செலவுத் திட்டத்திலேயே கணக்கிட்டு, சில கணிப்பொறிகளில் முதலில் சோதித்து, ஆதரவு முடிவதற்கு முன் அடுத்த வெளியீட்டுக்கு மாறுவதே சிறந்த நிர்வாகமாகும். சான்றிதழுக்காகக் காத்திருக்கும் குடிமகனுக்கு, மென்பொருளின் புதுமையைக் காட்டிலும் அது தடையின்றி இயங்குவதே முக்கியம்.