ஐந்து சான்றுகளும் ஓர் எண்ணும்

கணிதத்தில் ஒரு கூற்றுப் பல இடங்களிற் பொருந்துதல் வேறு. எவ்விடத்தும் பொருந்துமென நிறுவப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்குத் தெளிவுறுத்த வல்ல எண்களுள் 4,294,967,297 தலையாயது.

பிரான்சு நாட்டில் நீதித்துறைப் பதவி வகித்தவரும், ஓய்வுப் பொழுதிற் கணிதம் ஆராய்ந்தவருமான பேர்மா, 2இன் 1ஆம், 2ஆம், 4ஆம், 8ஆம், 16ஆம் வலுக்களை எடுத்து, ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டினார். கிடைத்தவை 3, 5, 17, 257, 65,537 என்பன. இவை ஐந்தும் முதன்மை எண்கள். அஃதாவது, தம்மாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவை. சுட்டியை இவ்வாறு இரட்டித்துச் செல்லும் வரிசை முழுவதும் முதன்மை எண்களே தருமென அவர் 1640இற் கருத்துத் தெரிவித்தார். நிறுவல் தம்மிடம் இல்லையென்பதையும் ஒப்புக்கொண்டார்.

வரிசையின் ஆறாம் எண் 2³² + 1. அதுவே மேற்கூறிய பேரெண். அதன் வர்க்கமூலம் 65,536ஐச் சிறிதே விஞ்சுவதால், அது முதன்மையெண்ணா என நேர்முறையில் அறிவதற்கு அவ்வெல்லைக்குட்பட்ட 6,542 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். 1729இற் கோல்ட்பாக் என்பார் பேர்மாவின் கூற்றைக் கடித வாயிலாக ஒயிலரின் கவனத்திற்குக் கொணர்ந்தார். 1732இல் ஒயிலர் அவ்வெண் 641ஆல் வகுபடுமெனக் காட்டினார், ஈவு 6,700,417.

இத்தகைய எண்களின் காரணிகள் எவ்வடிவின என்பதை ஒயிலர் பின்னர் நிறுவினார். அதன்படி, இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 64இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாதல் வேண்டும். அவ்வாறான முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்வன. ஆயிரக்கணக்கான வகுத்தல்களை வேண்டிய வினா ஐந்தாம் வகுத்தலிலேயே விடைபெறுகின்றது. தேற்றமொன்றின் பயன் இஃதேயாம்.

நீண்ட வகுத்தலின்றியும் இவ்வுண்மையைக் காட்டலாம். 640⁴ − 1 என்பதற்கு 640 + 1, அதாவது 641, ஒரு காரணியாகும். 640 = 5 × 2⁷ ஆதலால், 640⁴ = 625 × 2²⁸. இனி, 641 = 625 + 16 ஆதலால், 641 × 2²⁸ = 640⁴ + 2³². இதுவும் 641இன் மடங்கே. இதிலிருந்து 640⁴ − 1ஐக் கழிப்பின் எஞ்சுவது 2³² + 1. இரு மடங்குகளின் வித்தியாசமும் மடங்கேயாதலின், அதுவும் 641ஆல் வகுபடும்.

பேர்மாவின் கூற்று வீழ்ந்தபோதும் அவர் கண்ட எண்கள் பயனற்றுப் போகவில்லை. 17 பக்கங்களையுடைய ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பும் கவராயமும் மட்டுங் கொண்டு அமைக்கலாமெனக் கௌசு 1796இற் கண்டதற்கு, 17 இவ்வரிசையின் முதன்மை எண்ணாயிருத்தலே காரணம்.

ஆறாம் எண் முதல் முப்பத்துமூன்றாம் எண் வரையுள்ளவை யாவும் பகுபடுவன என்பது இப்பொழுது அறியப்பட்டுள்ளது. அவற்றிற்கு அப்பால் முதன்மை எண் ஒன்றேனும் உண்டோ என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஐந்து சான்றுகளைக் கண்டு “யாவும் முதன்மை” என்றார் பேர்மா. இருபத்தெட்டுச் சான்றுகளைக் கண்டு “இனி முதன்மை இல்லை” எனத் துணிவோரும் அவ்வழுவையே மறுபுறமாக நின்று இழைப்பவராவர்.