செம்பு தன் வயதைச் சொல்லாது

1991 செப்டம்பர் 19. ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரிய – இத்தாலி எல்லையை ஒட்டி, 3,210 மீட்டர் உயரத்தில் நடந்துகொண்டிருந்த ஜெர்மன் தம்பதியர், உருகும் பனியிலிருந்து ஓர் உடல் வெளியே தெரிவதைப் பார்த்தார்கள். மலையேறும்போது விழுந்து செத்த யாரோ என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உடலை வெளியே எடுக்கத் துளையிடும் இயந்திரத்தை வைத்து இடுப்பையும் சேதப்படுத்திவிட்டார்கள்.

சில நாள் கழித்து இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் கொன்ராட் ஸ்பிண்ட்லர் வந்தார். உடலோடு கிடைத்த கோடரியைப் பார்த்ததும், இது குறைந்தது 4,000 ஆண்டுப் பழசு என்றார்.

எப்படிச் சொன்னார்? உருவத்தை வைத்துத்தான். ஐரோப்பாவின் பழைய உலோகக் கோடரிகள் முதலில் வெறும் தட்டை. பிறகு, பிடியிலிருந்து நழுவாமலிருக்க இரு ஓரங்களையும் தட்டி உயர்த்தினார்கள். வெகுகாலம் கழித்தே பிடி உள்ளே நுழையும் குழல் வந்தது. இந்த வரிசையில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால் காலம் தோராயமாகக் கிடைக்கும். ஓரம் சற்றே உயர்ந்த அந்தக் கோடரி வெண்கலக் கால ஆரம்பத்தைச் சேர்ந்ததாகத் தோன்றியது.

சோதித்தபோது அது வெண்கலமே இல்லை. வெண்கலம் என்றால் செம்போடு வெள்ளீயம் கலந்திருக்க வேண்டும். இதில் 99.7 சதவீதம் செம்பு. மிச்சம் கொஞ்சம் ஆர்செனிக், கொஞ்சம் வெள்ளி. உடலின் திசுவையும் அவன் போர்த்தியிருந்த புல்லையும் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்ததில், அவன் வாழ்ந்தது ஏறத்தாழ கி.மு. 3350க்கும் 3100க்கும் இடையில் என்று தெரிந்தது. குறைந்தது என்று சொல்லியிருந்ததால் ஸ்பிண்ட்லரின் கணிப்பு பொய்யாகவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

செம்பை நேரடியாக இப்படிச் சோதிக்க முடியாது. உயிருள்ளவை மட்டுமே கரிமம்-14ஐ உள்வாங்குகின்றன. செத்த பிறகு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைகிறது. செம்பில் அது கிடையாது. அதனால் கோடரியின் வயது என்பது பெரும்பாலும் பக்கத்தில் கிடந்த மரம், எலும்பு, கரி ஆகியவற்றின் வயதுதான். இந்தக் கோடரிக்குப் பனி செய்த உதவி பெரிது: யூ மரப்பிடி, பூர்ச்ச மரப்பிசின், தோல்வார்க் கட்டு என எதுவும் மக்கவில்லை. வடஇத்தாலியின் ரெமெடெல்லோ கல்லறைகளில் இதே சாயலில் கோடரிகள் கிடைத்திருந்தன. பனியில் கிடைத்த அந்த மனிதனின் காலம் உறுதியானதும் அவற்றின் காலத்தையும் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

காலம் சொல்லாத செம்பு ஊரைச் சொல்லும். எல்லாச் செம்புத் தாதுவிலும் துளியளவு ஈயம் உண்டு. அந்த ஈயத்தின் ஐசோடோப்புகளில் மூன்று, யுரேனியமும் தோரியமும் சிதைந்து சேர்ந்தவை; ஆகவே தாதுப் படுகைக்குப் படுகை அவற்றின் விகிதம் மாறும். உலையில் உருக்கினாலும் அந்த விகிதம் மாறாது. 2017இல் வெளியான ஆய்வில், பக்கத்து ஆல்ப்ஸ் சுரங்கம் எதனோடும் அல்லாமல், சில நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தஸ்கனியின் தாதுவோடு இந்தக் கோடரி பொருந்தியது. செம்பாகவே வந்ததா, கோடரியாகவே கைமாறியதா என்பதற்கு ஐசோடோப்பிடம் பதில் இல்லை.

நம் ஊர் இரும்புக்கும் இதே தர்க்கம்தான். சிவகளை அகழாய்வில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுகள் கி.மு. 2953 முதல் 3345 வரையிலான காலத்தைக் காட்டுவதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அளக்கப்பட்டது கரி. இரும்பும் கரியும் ஒரே நேரத்தில் புதைந்தன என்பது எவ்வளவு உறுதியோ, அந்த ஆண்டுக்கணக்கும் அவ்வளவே உறுதி. கொண்டாட்டத்தைவிட மண்ணடுக்குக் குறிப்புகளே இங்கே முக்கியம் என்பேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பழைய கோடரி, கத்தி ஏதாவது தட்டுப்பட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். துருவில் ஒட்டிய நாரும் கூடக் கிடக்கும் கரியும்தான் வயது சொல்லப்போகிறவை. இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். ஆட்சியருக்குத் தகவல் தரவேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் கேட்கிறது.