தேய்வதற்கென்றே பிறந்த வாஷர்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சில நாட்களில் நம்மை ஏமாற்றிவிடும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் "புஸ், புஸ்" என்று ஓசைதான் வரும். டயர் அப்படியே தொய்ந்து கிடக்கும். சைக்கிள் கடைக்காரர் பம்பின் மூடியைத் திருகிக் கம்பியை வெளியே இழுப்பார். கம்பியின் நுனியில் சிறு கிண்ணம் போன்ற தோல் துண்டு ஒன்று இருக்கும். அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்து, ஓரத்தை விரலால் சற்று விரித்துவிட்டு மறுபடியும் மாட்டுவார். பம்பு முன்போல் வேலை செய்யும்.

எண்ணெய்க்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு? தோல் துண்டு ஏன் கிண்ண வடிவில் இருக்க வேண்டும்? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் வாழும் நமக்குத் தோல் புதிய பொருள் அன்று. ஆனால் செருப்பாகவும் கைப்பையாகவும் நாம் அறிந்த தோல், ஒரு கிராமத்தின் குடிநீரையே தாங்கி நின்ற கதை பலருக்குத் தெரியாது. அதைக் காண்போம்.

அமுக்கினால் இறுகும் கிண்ணம்

ஒரு குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழும் நகர வேண்டும். ஆனால் பிஸ்டனுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே நீரோ காற்றோ கசியக் கூடாது. இவை ஒன்றுக்கொன்று முரணான தேவைகள் அல்லவா? இறுக்கமாகச் செய்தால் பிஸ்டன் நகராது. தளர்வாகச் செய்தால் கசியும்.

இங்கிலாந்தில் 1795-ஆம் ஆண்டு நீரழுத்த எந்திரத்துக்கு உரிமம் பெற்ற ஜோசப் பிராமாவுக்கு இதே தொல்லை ஏற்பட்டது. அழுத்தம் ஏற ஏற அவருடைய எந்திரம் கசிந்தது. அவருடைய பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே இதற்கு வழி கண்டார் என்பர். அவர் பயன்படுத்தியது வளைந்த விளிம்புள்ள ஒரு தோல் வளையம். விளிம்பின் திறந்த பக்கம் அழுத்தம் மிகுந்த நீரை நோக்கியிருக்கும். நீர் விளிம்புக்குள் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளும். அழுத்தம் கூடினால் விளிம்பும் கூடுதலாக இறுகும். அழுத்தம் குறைந்தால் தானே தளர்ந்து நகர இடம் கொடுக்கும். தப்பியோட முயலும் நீரே தன் வழியை அடைத்துக்கொள்கிறது!

சைக்கிள் பம்பின் தோல் கிண்ணமும் இதே வகைதான். கம்பியை உள்ளே தள்ளும்போது காற்று கிண்ணத்தின் ஓரத்தை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கிறது. வெளியே இழுக்கும்போது ஓரம் உட்புறம் மடங்கிப் புதுக் காற்றை உள்ளே விடுகிறது. ஒரே துண்டு தோல், அடைப்பானாகவும் வால்வாகவும் வேலை செய்கிறது. கிண்ணத்தைத் தலைகீழாக மாட்டிப் பாருங்கள். எத்தனை எண்ணெய் விட்டாலும் பம்பு வேலை செய்யாது.

தோல் ஏன்?

தோல் என்பது கொல்லாஜன் என்னும் புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிய வலை. பதனிடாத தோல் ஈரத்தில் அழுகிவிடும். பதனிடும்போது ஆவாரம் பட்டை போன்றவற்றிலுள்ள டானின்களோ, குரோமியம் உப்புகளோ அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அதன்பின் தோல் நீரில் ஊறும். ஆனால் எளிதில் அழுகாது.

இந்த இழை வலை வளையும். நீரோ எண்ணெயோ பட்டால் உறிஞ்சிச் சற்று உப்பும். உறிஞ்சிய எண்ணெயைச் சுவரின்மேல் மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டே நகரும். காய்ந்துவிட்டாலோ சுருங்கி விறைத்துவிடும். வீட்டு முற்றத்திலுள்ள சிறிய அடிபம்பில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிக்கிறோமே, அது எதற்கு? காய்ந்த வாஷர் ஊறி உப்ப வேண்டும். சுவருக்கும் வாஷருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நீர் அடைக்க வேண்டும். அதன்பின்தான் உள்ளே உள்ள காற்று வெளியேறி வெற்றிடம் உண்டாகும்.

இடைவெளி சிறிதுதானே என்று எண்ணாதீர்கள். குறுகிய இடைவெளி வழியே கசியும் நீரின் அளவு, இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு! மூன்று மடங்கானால் 27 மடங்கு! நேற்றுவரை நன்றாக இருந்த பம்பு இன்று திடீரெனக் கெட்டுவிட்டதாக நாம் நினைப்பதற்கு இதுவே காரணம். வாஷர் மெல்லத்தான் தேய்கிறது. கசிவு வேகமாக ஏறுகிறது.

நூறடி ஆழத்தில் ஒரு வாஷர்

வீட்டு அடிபம்பு வளிமண்டல அழுத்தத்தை நம்பி நீரை உறிஞ்சுவது. கணக்குப்படி 10.3 மீட்டர் ஆழத்துக்கு மேல் அதனால் முடியாது. நடைமுறையில் 7 மீட்டரே அரிது. பாறை நிலத்தில் ஆழ்துளை போட்டு எடுக்கும் நீருக்கு வேறு பம்பு தேவை.

அதற்கென 1970-களில் உருவானதுதான் "இந்தியா மார்க் 2" என்னும் கைப்பம்பு. யுனிசெப் நிறுவனத்தின் முயற்சியும், சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையின் பணியும் அதில் உண்டு. ஊர்ப் பொது இடத்தில், சிமெண்டு மேடைமேல், நீண்ட இரும்புக் கைப்பிடியோடு நிற்குமே, அதுதான். இதன் பிஸ்டன் மேலே இல்லை. ஆழத்தில், நீருக்குள் மூழ்கிய சிலிண்டரில் இருக்கிறது. அந்தப் பிஸ்டனில் இரண்டு தோல் கிண்ண வாஷர்கள், திறந்த வாய் மேல்நோக்கி இருக்கும்படி பொருத்தப்பட்டன.

இனிக் கணக்கிடுவோம். சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மி.மீ. எனவே அதன் குறுக்குப் பரப்பு சுமார் 31.7 சதுர செ.மீ. பிஸ்டன் ஒரு முறை 125 மி.மீ. உயர்கிறது. அப்படியானால் ஓர் அடிக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர்; 40 அடிக்கு சுமார் 16 லிட்டர்.

நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். வாஷர்கள் தாங்கும் நீரின் பாரம் எவ்வளவு? 3000 செ.மீ. உயரத்தை 31.7 ஆல் பெருக்குங்கள். சுமார் 95 கிலோ! வியப்பு என்னவென்றால், மேலே செல்லும் குழாய் சிலிண்டரைவிடக் குறுகியது. அதிலுள்ள தண்ணீர் 30 லிட்டருக்கும் குறைவுதான். இருந்தும் பிஸ்டனின்மேல் 95 கிலோ பாரம் எப்படி வந்தது? திரவத்தின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததன்று என்று நீங்கள் வகுப்பில் படித்ததை இங்கே நினைவு கூருங்கள். கைப்பிடியின் நெம்புகோல் விகிதம் 8:1. அதனால்தான் ஒரு சிறுமியும் இந்தப் பாரத்தை ஏற்ற முடிகிறது. (உள்ளே உள்ள இரும்புக் கம்பியின் எடையை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.)

நாளைக்கு 3.6 கிலோமீட்டர்

ஊருக்குப் பொதுவான பம்பு ஒரு நாளில் ஆறு மணி நேரம், நிமிடத்துக்கு 40 அடி வீதம் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 14,400 அடிகள். ஒவ்வோர் அடியிலும் வாஷர் மேலும் கீழுமாக 25 செ.மீ. உரசுகிறது. நாளொன்றுக்கு 3.6 கி.மீ.! வேலூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 140 கி.மீ. அந்தத் தொலைவை நம் வாஷர் 39 நாட்களில், சுவரை உரசிக்கொண்டே கடந்துவிடுகிறது. நீரோடு வரும் நுண்மணல் உப்புத்தாள்போல் அதை அராவுகிறது.

வாஷர் தேய்வது குற்றமா? இல்லை. சிலிண்டரும் வாஷரும் உரசும்போது ஒன்று தேய்ந்தே தீரும். பித்தளைச் சிலிண்டர் தேய்ந்தால் பெருஞ்செலவு. வாஷர் தேய்ந்தால் சிறு செலவு. ஆகவே மென்மையானது தேயட்டும் என்பதே பொறியாளரின் ஏற்பாடு.

ஆனால் ஒரு சிக்கல். அந்த மலிவான வாஷர் நூறடி ஆழத்தில் அல்லவா இருக்கிறது! மார்க் 2 பம்பில் அதை மாற்ற, மேலுள்ள குழாய்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். குழாய் ஒன்று 3 மீட்டர். 30 மீட்டருக்குப் பத்துக் குழாய்கள். இதற்குத் தனிக் கருவிகளும் பல ஆட்களும் வேனும் தேவை. தமிழ்நாட்டில் கிராமத்துக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு பிட்டர், மாவட்டத்துக்கு வேன் குழு என மூன்று படிகளாக இப்பணி அமைக்கப்பட்டது. வேன் வரும்வரை ஊர்ப் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடக்க வேண்டும். பழுது சில ரூபாய். துன்பம் பல நாள்.

1980-களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இந்தப் பம்புகளை ஊர்களிலேயே வைத்து, உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் விரிவாகச் சோதித்தன. இரு மாற்றங்கள் நல்ல பலன் தந்தன. ஒன்று, தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர். அது தோலைவிட நெடுநாள் உழைத்தது. மற்றொன்று, குழாயைச் சிலிண்டரைவிடச் சற்று அகலமாக்குவது. இதனால் குழாய்களை அசைக்காமல், கம்பியோடு பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து வாஷரை மாற்றலாம். இதுவே "இந்தியா மார்க் 3". தேய்வதை முற்றிலும் நிறுத்த முடியாது. தேயும் பொருளைக் கைக்கு எட்டச் செய்ய முடியும். அந்த ஆய்வு கற்பித்த பெரிய பாடம் இது.

மிருதுத்தன்மை போனால்

ரப்பருக்கும் குறை உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி எழுவர் மாண்டனர். அதன் பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம், கடுங்குளிரில் மீள்தன்மை இழந்து, உரிய நேரத்தில் இடைவெளியை மூடத் தவறியதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் மேதை ரிச்சர்ட் பெயின்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியில் அழுத்திப் பனிக்கட்டி நீரில் போட்டு எடுத்தார். இடுக்கியைத் தளர்த்தியதும் அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை! பிரஷர் குக்கரின் கேஸ்கெட் நாளடைவில் விறைத்துப் பக்கவாட்டில் ஆவி கசிவதும், காற்றில்லாப் பம்பின் காய்ந்த தோலும், இந்த வளையமும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. விட்டுக்கொடுக்கும் தன்மை போனால் அடைக்கும் தன்மையும் போய்விடும்.

நீங்களே சோதியுங்கள்

இன்று பல தெருக்களில் குழாய்நீர் வந்துவிட்டது. எனினும் மின்சாரம் நின்ற நாளில் கைகொடுப்பது அடிபம்புதான். உங்கள் ஊர்ப் பம்பை இவ்வாறு சோதிக்கலாம்.

முதல் சோதனை: அடிப்பதை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு மெதுவாக அடியுங்கள். ஐந்தாறு அடிகளுக்குள் நீர் வரவேண்டும். தாமதமானால் குழாய் இணைப்பிலோ வால்வுகளிலோ கசிவு உண்டு.

இரண்டாம் சோதனை: நீர் சீராக வரும்போது 40 முழு அடிகள் அடித்து, வந்த நீரை அளந்து பாருங்கள். நமது கணக்கு 16 லிட்டர். 12 லிட்டருக்கும் குறைந்தால் பம்பு களைத்துவிட்டது. முதல் சோதனையில் தேறி இதில் தவறினால் முதற்சந்தேகம் வாஷர்மேல்தான். மாதம் ஒரு முறை அளந்து வரைபடம் போடுங்கள். கோடு சரியத் தொடங்கும்போதே ஊராட்சிக்குச் சொல்லுங்கள். பம்பு நின்றபின் சொல்வதைவிட அது மேல்.

இறுதியாக ஒன்று. தண்ணீர் கசியாமல் மேலே வந்தால் போதுமா? நம் பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் கழிவுநீர் நிலத்துக்குள் கசிந்து கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. நூறடி ஆழத்து வாஷரை மாற்ற ஒரு வேனும் ஒரு நாளும் போதும். நிலத்தடியில் இறங்கிவிட்ட உப்பை எடுக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும்? சிந்தித்துப் பாருங்கள்.