வீட்டு விலங்குகளைப் பேணுதல்

குமரி மாவட்டத்தில் கோதையாறு பாறைகளின்மீது அருவியாய் இழியும் ஊர் திற்பரப்பு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் அதற்கு மழை தருகின்றன. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். அவற்றின் நிழலில் ஈரம் எளிதில் உலர்வதில்லை. மனிதர்க்கு இனிமை தரும் அவ்வீரமே அங்கு வளரும் நாய்க்கும் முயலுக்கும் பகையாகும்.

மழையில் நனைந்த நாயை அப்படியே கட்டிவைத்தல் தகாது. பழந்துணியால் துடைத்து, காதுமடலின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் உலர்த்துதல் வேண்டும். இன்றேல் தோலில் பூஞ்சை பற்றும். புல்லிலிருந்து ஏறும் உண்ணிகள் குருதியை உறிஞ்சுவதோடு நில்லாமல் காய்ச்சலையும் உண்டாக்குவன. ஆதலின், நாள்தோறும் கழுத்தையும் காதையும் தடவிப் பார்த்து அவற்றை நீக்குதல் நன்று.

மிஞ்சிய குழம்புச் சோற்றை நாய்க்கு இடுவது பல இல்லங்களில் வழக்கம். அன்போடு இடும் அவ்வுணவிலும் தீங்குண்டு. வெங்காயம், வெந்ததாயினும், நாயின் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த கோழியெலும்போ கூரிய சில்லுகளாய் உடைந்து குடலைக் கிழிக்கும். காரமின்றி, முள் நீக்கிய மீனையோ முட்டையையோ சோற்றுடன் பிசைந்து தரலாம்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. புல்லை மெல்லுவதனாலேயே அவை தேயும். எனவே, கிழங்கும் கீரையும் மட்டும் இடுதல் போதாது. முயல் தன் மென்மையான எச்சத்தைத் தானே உண்ணக் கண்டு சிறுவர் அருவருப்பதுண்டு. அஃது உணவின் சத்தை மீண்டும் பெற இயற்கை வகுத்த வழியே. ஆனால், அதனைக் காதைப் பற்றித் தூக்குவதுதான் உண்மையில் வெறுக்கத்தக்க செயல்!

இவை அனைத்தினும் தலையாயது வெறிநோய்த் தடுப்பு. அந்நோயின் குறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது. 1885-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனைத் தம் தடுப்பு மருந்தால் காத்தார். அவர் பெயர் தாங்கிய நிலையம் 1907-இல் நம் குன்னூரில் தோன்றியது. நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் நிரம்பியதும் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி இட்டு, அவர் குறிக்கும் காலத்தில் மீண்டும் இடுதல் வேண்டும்.

நாயைப் பெரியோர் அடிப்பரோ, விரட்டிவிடுவரோ என அஞ்சிக் கடியை மறைக்கும் பிள்ளைகள் உளர். அவ்வன்பு உயிருக்கே இறுதியாகலாம். கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ அப்புதல் கூடாது. வளர்த்த நாயின் பல் பட்ட சிறு கீறலுக்கும் இதுவே முறை.