ஈகைக்கு நாள் குறித்த ஊர்

உத்திரமேரூர் என்றதும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் வெட்டப்பட்ட அந்த இரண்டு சாசனங்களைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அவற்றுக்கு முந்திய பல்லவர் காலக் கல்வெட்டுகளும் அதே ஊரில் இருக்கின்றன. அவற்றில் சில, ஏரியில் தூர் எடுப்பதைப் பற்றியவை. மனித மனத்தை அறிந்து ஏற்பாடு செய்வதில் அவை குடவோலைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

அந்த ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். மழைக்காலத்தில் வரத்துக்கால் வழியே வரும் வெள்ளம் மண்ணையும் சருகையும் சுமந்து வரும். ஏரிக்குள் வந்ததும் நீரின் வேகம் அடங்கும். வேகம் அடங்கியதும் முதலில் மணல் படியும். பிறகு நுண்ணிய களிமண் மெதுவாக இறங்கும். ஒரு மழையில் சேர்வது கண்ணுக்கே தெரியாது. பல மழைக்காலம் கழிந்த பிறகு பார்த்தால் கரை அதே உயரத்தில் நிற்கும், கொள்ளளவு குறைந்திருக்கும், கடைமடை காய்ந்து கிடக்கும்.

ஆண்டுதோறும் சேர்கிற வண்டலை, ஒருவர் மனம் இளகி ஒரே ஒரு முறை கொடுக்கும் பெருந்தொகையால் தீர்க்க முடியாது. அதனால் தூர் எடுக்கக் கொடுத்தவர்கள் முதல் தொகையை ஊர்ச் சபையிடம் ஒப்படைத்தார்கள். முதலைக் கரைக்காமல், அதில் வரும் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வேலையை நடத்துவது சபையின் பொறுப்பு. கொடுத்தவர் ஊரில் இல்லாவிட்டாலும், உயிரோடே இல்லாவிட்டாலும், அடுத்த கோடையில் மண்வெட்டி ஏரிக்குள் இறங்கும்.

கோயில் விளக்குக்கும் இதே முறைதான். அணையாத நந்தா விளக்கு ஒன்று எரியச் சோழர் காலத்தில் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள் விடுவார்கள். மந்தையை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடுகள் கழியும், குட்டிகள் அந்த எண்ணிக்கையை நிரப்பும். அதனால் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன. ஒரு நாளைக்கு எவ்வளவு நெய் வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து கொடையின் அளவை முடிவு செய்திருக்கிறார்கள். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நம் காலத்து ஈகை பெரும்பாலும் உணர்ச்சி பொங்கும் நேரத்தில் நடக்கிறது. பொங்குவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு உளவியலில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1973 இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் துவண்டு, இருமிக்கொண்டு கிடந்தார். அது ஆய்வாளர்களின் ஏற்பாடு. அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவ நின்றார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் நின்றவர்கள் 10 சதவீதம்தான். மாணவர்களில் பாதிப் பேருக்குப் பேசக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. இவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. அவசரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். நாமும் பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் இருக்கிறோம். ஆகவே கொடுப்பதை அந்தந்த நேரத்து மனநிலையிடம் விடாமல், முன்கூட்டியே ஒரு வழக்கத்திடம் ஒப்படைப்பது நல்லது.

வழக்கம் எப்படி உருவாகிறது என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டார்கள். புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் ஏதும் இல்லை. புதிய செயலை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு முடிந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ‘காலைச் சாப்பாட்டுக்குப் பின்’ என்பது போன்ற ஒரு கொக்கி வேண்டும்.

பிடியரிசி வைத்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உலை வைக்குமுன் அரிசியை ஆழாக்கால் அளந்து போடுவார்கள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள். உலை தினமும் ஏறும், ஆகையால் பிடியும் தினமும் விழும். ஒரு பிடி குறைந்ததால் அன்று யாருடைய தட்டிலும் சோறு குறையாது. காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் இந்த வழக்கத்தை வீடுதோறும் வலியுறுத்தி வந்தார். மிசோரமில் தேவாலயப் பெண்கள் 1910 முதல் இதையே செய்து வருகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ‘புஹ்ஃபாய் தாம்’. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி என்று சேரும் அரிசி, திருச்சபையின் பணிகளுக்கு ஒரு முக்கிய வருவாயாக வளர்ந்துவிட்டது.

பழகிப்போனால் கொடுப்பதில் மனம் ஒட்டாமல் போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கனடாவில் எலிசபெத் டன் குழுவினர் 2008 இல் செய்த சோதனையில், காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தனக்காகச் செலவழித்தவர்களைவிட அடுத்தவருக்காகச் செலவழித்தவர்கள் மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை கூடியதால் மகிழ்ச்சி கூடவில்லை. ஆனால் அது ஒரு நாள் சோதனை. 2019 இல் எட் ஓப்ரையனும் சமந்தா காசிரரும் இதையே 5 நாள் நீட்டினார்கள். தினமும் 5 டாலர், தினமும் அதே செலவு. தனக்கென்று செலவழித்தவர்களின் மகிழ்ச்சி நாளுக்கு நாள் இறங்கியது. கொடுத்தவர்களின் மகிழ்ச்சி அந்த அளவுக்கு இறங்கவில்லை. வாங்கும்போது முந்திய நாளோடு ஒப்பிட்டு மனம் சலிக்கிறது; கொடுக்கும்போது அந்த ஒப்பீடு எழுவது குறைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். ஐந்து நாளை வைத்து ஆயுளைச் சொல்லிவிட முடியாது என்றாலும், பிடியரிசிப் பானையை வாழ்நாள் முழுக்க நிரப்பியவர்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

வழக்கம் மட்டும் போதாது, யோசனையும் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. உடுத்த முடியாதவை சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து வீணாயின. அனுப்பியவர்களின் அன்பில் குறை இல்லை. என்ன தேவை என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கொடுத்தது என்ன ஆகிறது என்று பார்ப்பதும் யோசனையில் அடங்கும். உத்திரமேரூரில் ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகவே கூடாது என்றது 921 ஆம் ஆண்டுச் சாசனம். மாதந்தோறும் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புகிறவர் ஆண்டுக்கு ஒரு முறை கணக்குக் கேட்பது சந்தேகப் புத்தி ஆகாது. அதுவும் கொடையில் சேர்ந்ததே.

தேவையைக் கணக்கிட்டு, நாள் குறித்துக் கொடுப்பது மிகக் கறாராகப் பொருந்துவது ரத்ததானத்தில். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் லட்சக்கணக்கான யூனிட் ரத்தம் கூடுதலாகச் சேர்ந்தது. காயமுற்றவர்களுக்குப் பயன்பட்டது 300 யூனிட்டுக்கும் குறைவு. மீதியில் கணிசமான பகுதி, வேறு நோயாளிகளுக்குச் செலுத்துவதற்குள் காலாவதியானது. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் குளிரில் வைத்திருக்க முடியும். தட்டணுக்களுக்கு 5 நாள். பிரசவத்தில் ரத்தப்போக்கு, தலசீமியாக் குழந்தை, விபத்து, டெங்கு என்று தேவையோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரமும், இரும்புச்சத்து சேர அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். அதனால்தான் நம் நாட்டில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருக்கிறார்கள். கல்லூரிகள் மூடிக் கிடக்கும் கோடையில் முகாம்கள் குறைந்து, கையிருப்பு கரையும். ஆகவே முகாம் அறிவிப்புக்குக் காத்திருக்காமல், இடைவெளி குறையாதபடி தையில் ஒரு நாள், சித்திரையில் ஒரு நாள், ஆடியில் ஒரு நாள், ஐப்பசியில் ஒரு நாள் என்று புதுக் காலண்டர் வந்ததுமே வட்டமிட்டுக்கொள்ளலாம். பெண்கள் மூன்று நாள் குறித்தால் போதும்.