பின் சக்கரத்தில் ஒரு பயணம்

ஒசூர் சிப்காட்டில் எனக்கு ஷிப்ட் வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் ஸ்கேட்போர்டு; அதற்கு வாத்தியார் எல்லாம் யூடியூப்தான்.

ஓட்டிப் பழகியவர்கள் அடுத்து முயல்வது ‘மேனுவல்’. முன் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரங்களில் மட்டும் உருண்டு போவது. பின்னங்கால் பலகையின் வாலில், முன்னங்கால் முன் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால். உடம்பை மொத்தமாகச் சாய்த்தால் வால் தரையில் உரசிவிடும். முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். மிச்சத்தை முன்னங்கால் பார்த்துக்கொள்ளும். வீடியோவைக் கால் பங்கு வேகத்தில் ஓட்டினால்தான் கணுக்காலின் அந்தச் சின்னச் சின்னத் திருத்தங்கள் கண்ணில் படும். (முன்னுரை பேசியே கொல்லும் அண்ணன்களைத் தள்ளி ஓட்டிவிடலாம்.)

வீடியோவில் தரை கண்ணாடி மாதிரி இருக்கும். நம் ஊர்ச் சாலையிலோ லாரி சிந்திய ஜல்லி. ஒரு கல் போதும்: சக்கரம் நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். அதனால் பலகையோடு துடைப்பமும் எடுத்துப் போகிறேன்.

ஸ்கேட்டுக்கென்றே தரை கட்டியவர்களும் உண்டு. ஒசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே 2013-லேயே ஹோலிஸ்டோக்ட் என்ற ஸ்கேட்போர்டுக் குழுவினர் ஸ்கேட் பூங்கா கட்டினார்கள். தமிழ்நாட்டிலோ, மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தி வெறுங்காலோடு சறுக்கிய படத்தை ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக்கே பகிர்ந்தார். அவளைப் பற்றிய ‘கமலி’ குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது.

பெரும்பாலான வீடியோக்கள் விழக் கற்றுத்தருவதில்லை. விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றும், மணிக்கட்டு போய்விடும். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பையும் சேர்த்து வாங்குங்கள்.