மூடிய ஆலைக்குக் கூலி யார் தருவது?

விருதுநகர் மாவட்டத்தில் காரியாபட்டி வட்டாரத்து மானாவாரி நிலம் வருஷம் முழுக்கச் சோறு போடாது. மீதி மாதங்களுக்கு வழி, பட்டாசு ஆபீசும் தீப்பெட்டி ஆபீசும். மேகத்தை மட்டும் பார்த்திருந்த சம்சாரி வீடுகள் இப்போது டெல்லித் தீர்ப்பையும் உலகச் சந்தையையும் சேர்த்தே பார்க்கின்றன.

இந்தத் தொழிலை வளர்த்ததும் உலக நெருக்கடிதான். 1923-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது சிவகாசிக்குக் காலம் பிறந்தது. இன்று நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இங்கே தயாராகிறது.

ஒரே தொழிலில் ஒரு மாவட்டமே நின்றால், எங்கே அடி விழுந்தாலும் இங்கே வலிக்கும். மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ், அட்டை விலையெல்லாம் ஏறியதில், 14 ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காற்று மாசைக் குறைக்கப் பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடுத்தது; அதன்பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2020-இல் கொரோனா ஊரடங்கு உற்பத்தியை நிறுத்தியது. தீபாவளி நெருங்கியதும் ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி அரசுகள் பட்டாசைத் தடைசெய்தன.

ஆலை மூடினால் பீஸ் ரேட்டுத் தொழிலாளிக்கு அன்றே கூலி இல்லை. வாங்கிய முன்பணமும் குழுக் கடன் தவணையும் அப்படியே நிற்கும். ஆலை திறந்ததும், விட்ட மாதங்களைப் பிடிக்க வேலை விரட்டும். அனுமதித்ததைவிட அதிக ஆள், அதிக வெடிமருந்து, உள்குத்தகை என்று விபத்துக்குப் பின் திரும்பத் திரும்பத் தெரியவரும் மீறல்களுக்கு இந்த அவசரமும் இடம் கொடுக்கிறது. சந்தையின் இடர் கடைசியில் உயிரிடராகிறது.

மாற்றுத் தொழில் வேண்டும் என்பது சரி. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியில் திருப்பூர் பட்ட பாட்டையும் பார்த்தோம். தொழிலை மாற்றுவது மட்டும் காப்பாகாது.

டெல்லிக் குழந்தையின் மூச்சு விலைமதிப்பற்றது. அதற்காகத் தடை போடலாம். அந்தத் தடையின் செலவைக் காரியாபட்டிக் கூலிக்காரியின் தலையில் கட்டுவதுதான் அநியாயம். மீன்வளம் பெருகட்டும் என்று 61 நாள் விசைப்படகுகளை நிறுத்தும்போது மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது தமிழக அரசு. அதே நியாயம் பட்டாசுத் தொழிலாளிக்கும் பொருந்தும். ஆலை அடைபடும் ஒவ்வொரு மாதத்துக்கும் நிவாரணத்தை மத்திய, மாநில அரசுகள் சட்டமாகவே எழுதி வைக்கட்டும். பொது நன்மைக்காக நிற்கும் வேலைக்குப் பொதுப் பணம்தான் கூலி தர வேண்டும்.